மணிலாக் கடிதத்தின் கடைசி வரி

இராசமலர் சிங்கப்பூருக்கு வந்து ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் அவள் தெருவில் இறங்கி நடந்த நாட்களை எண்ணினால் நாற்பது தேறாது. கோயிலுக்கு வருடத்தில் மூன்று நான்கு தடவை. பிள்ளைப்பேறுக்கு ஒரு தடவை. யாழ்ப்பாணத்தார் வீட்டுக் கல்யாணங்கள் சில. மற்ற நாளெல்லாம் மாடி அறை.

அறை சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. பதினெட்டடி நீளம், பதினோரடி அகலம். கீழே மாட்டுத் தீவனக் கிடங்கு. பிண்ணாக்கு வாசனை பலகைத் தரையின் இடுக்கு வழியாக ஏறி, துவைத்த துணியிலும் ஆறிய சோற்றிலும் குடியிருக்கும். தெருப்பக்கம் ஒரே ஒரு ஜன்னல். அதன் விளிம்பிலிருந்து தெருவுக்குப் பதினான்கடி. அவள் அளந்தது கயிற்றால். கயிறு எதற்கு என்பது பின்னால் வரும்.

கணவர் அம்பிகைபாகன் காலியர் கீ என்ற துறைமுகத் தெருவில் ஒரு ஆங்கிலேய வணிக நிறுவனத்தில் எழுத்தர். காலை ஏழரைக்கு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு படி இறங்குவார். படியடிக் கதவை வெளியிலிருந்து பூட்டுவார். ஆமைப்பூட்டு. ஒரே ஒரு திறப்பு, அது அவர் சட்டைப் பையில்.

வந்த முதல் வாரத்திலேயே அவள் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, நெருப்புப் பிடிச்சால்?"

"கீழை ஆக்கள் இருக்கினம்தானே."

"அவையிட்டைத் திறப்பு இல்லையே."

அவர் சிரித்தார். மறுநாளும் பூட்டினார். கெட்ட மனிதர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஆனால் அந்த நாள் சிங்கப்பூரில் தெரு முழுக்க ஆண்கள். பெண் ஒருத்தி நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அம்பிகைபாகன் பயந்த மனிதர். பயத்துக்கு அவரிடம் இருந்த ஒரே மருந்து அந்தப் பூட்டு.

வந்த மறுவருடம், 1903இல், அவருக்கு ஸ்பானிய மொழி வாய்த்தது.

நிறுவனம் மணிலாவிலிருந்து கயிற்று நாரும் சுருட்டும் கொப்பரையும் வாங்கி விற்றது. மணிலாவில் அமெரிக்கக் கொடி ஏறி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அங்கே பழைய வியாபாரிகள் கணக்கு எழுதுவதும் கடிதம் எழுதுவதும் ஸ்பானிய மொழியில்தான். அந்தக் கடிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் வேலையை விட்டுவிட்டு மலாக்காவுக்குப் போய்விட்டார். "யார் படித்துக்கொள்கிறீர்கள்?" என்று துரை கேட்டார். அம்பிகைபாகன் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே பிறகு விளங்கவில்லை. சம்பளம் ஏறும் என்றுதான் இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதிய ஒரு ஸ்பானிய இலக்கணப் புத்தகம் கிடைத்தது. உச்சரிப்புக்கு, இசைக்குழுவில் எக்காளம் ஊதும் மணிலாக்காரன் ஒருவன் ஞாயிறுகளில் அரை மணி நேரம் கொடுத்தான். மிச்சம் எல்லாம் வீட்டில், மாலையில். அவர் நடந்துகொண்டே ஒப்பிப்பார். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பிழை பார்ப்பது இராசமலரின் வேலை. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்தவள் அவள். பக்கத்தைப் பார்த்தால் விளங்கும்.

அந்த மொழியில் அவரை வதைத்தவை நான்கு சிறு சொற்கள். லோ, லா, லோஸ், லாஸ். அவனை, அவளை, அவர்களை. பொருளானால் அதை, அவற்றை. தமிழிலும் சொல்லலாம்தான். ஆனால் நாம் சொல்வதில்லை. கடிதம் வந்ததா என்று கேட்டால், வந்தது, வாசித்தேன் என்று முடித்துவிடுவோம். எதை வாசித்தாய் என்று எவரும் திரும்பக் கேட்பதில்லை. ஸ்பானியருக்கு அது போதாது. 'லா லெயீ' என்று சொல்ல வேண்டும். அதை வாசித்தேன். ஒருமுறை பெயர் சொன்ன பொருளை, மறுபடி ஒரு சிறு சொல்லால் தொட்டுக் காட்டாமல் வினைச்சொல் நகராது.

அம்பிகைபாகன் ஒவ்வொரு வாக்கியத்திலும் அதை விழுங்கினார். விழுங்கிய ஒவ்வொரு தடவையும் இராசமலர் ஒரு புளியங்கொட்டையைத் தகரப் பெட்டியில் போட்டாள். டக் என்று சத்தம் வரும்.

"இப்ப என்ன பிழை?"

"எதை அனுப்பினியள் எண்டு சொல்லேல்லை."

"சுருட்டைத்தான். முதல் வரியிலையே சொல்லிப்போட்டனே!"

"அவைக்குத் திரும்பச் சொல்ல வேணுமாம்."

"மறதிக்காரச் சனம்போலை."

டக்.

பால் பிரிப்பு இன்னொரு தொல்லை. "மேசைக்கு என்னெண்டு பெண்பால்? தாலி கட்டினதோ?" என்பார். கப்பல் ஆண், கடிதம் பெண். சுருட்டு ஆண், மூட்டை ஆண், விலைப்பட்டியல் பெண். இராசமலர் ஒரு நோட்டில் இரண்டு பத்திகளாக எழுதி வைத்தாள். கப்பல் தானே புறப்பட்டுப் போகிறது. கடிதத்தை எவரோ மடித்து, உறையிலிட்டு, அரக்கு வைத்து அனுப்புகிறார்கள். அப்படிப் பார்த்தால் அவர்கள் சரியாகத்தான் பிரித்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அதைக் கணவரிடம் சொல்லவில்லை.

இடம் மாறும் விதம்தான் அவளுக்கு மிகவும் பிடித்தது. நடந்த செய்தி சொல்லும்போது அந்தச் சிறு சொல் வினைக்கு முன்னால் நடக்கும். லோ எம்பார்காமோஸ்: அதைக் கப்பலில் ஏற்றுகிறோம். கட்டளை இடும்போது பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். எம்பார்கேலோ: அதை ஏற்றுங்கள். பகலில், அவர் பூட்டிவிட்டுப் போனபிறகு, அவள் தானே வாக்கியம் செய்து பார்த்தாள். நோட்டின் கடைசிப் பக்கங்களில் பென்சிலால் சிறிதாக எழுதியிருக்கிறாள். லா த்ராயென். அவளைக் கொண்டுவருகிறார்கள். லா சியென்தான். அவளை உட்கார வைக்கிறார்கள். லா என்சியெர்ரான். அவளைப் பூட்டி வைக்கிறார்கள்.

பள்ளியில் தமிழாசிரியர் இதற்குச் செயப்படுபொருள் என்று பெயர் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு நினைவு வந்தது. அப்போது மரம், பானை என்று உதாரணம் கொடுத்தார்கள்.

1905இல் மகள் பிறந்தாள். குணமணி என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருடம் அம்பிகைபாகனின் கண் கெட ஆரம்பித்தது.

அது விசித்திரமான கேடு. எதை நேரே பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு கரும்பொட்டு. ஓரங்களில் எல்லாம் தெரியும். ட்ராம் வருவது தெரியும், படி தெரியும், எதிரே நிற்கும் ஆள் தெரியும், ஆளின் முகம் தெரியாது. தெருவில் தடுமாறாமல் நடப்பார். பார்த்தவர் எவரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் எழுத்து நடுவில்தானே இருக்கிறது. 1908 மார்ச்சில் ஒரு வரியும் வாசிக்க முடியாத நிலை வந்தது.

அன்று மாலை மூன்று கடிதங்களைக் கோட்டின் உட்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மேசையில் வைத்தார்.

"வாசியும்" என்றார்.

அவள் வாசித்தாள். அர்த்தம் சொன்னாள். அவர் பதில் சொல்லச் சொல்ல ஸ்பானிய மொழியில் எழுதினாள். அவர் விழுங்கிய லோக்களையும் லாக்களையும் தானே போட்டுக்கொண்டாள். ஐந்து வருடமாகக் கடைச்சரக்குச் சீட்டு முதல் எல்லாவற்றிலும் அவர் கையெழுத்தைப் பார்த்தவள். அதே சாய்வு, அதே சுழி. கடைசியில் கோடு போடும் மரச்சட்டத்தை வைத்துக் கையொப்பத்துக்கு இடம் காட்டினாள். அவர் தடவிப் பார்த்துப் போட்டார்.

"கந்தோரிலை தெரிஞ்சால் அண்டைக்கே சீட்டுக் கிழிச்சுப்போடுவாங்கள்" என்றார். "உமக்கும் எனக்கும் மட்டும்."

மூன்றாவது ஒருவருக்கும் தெரிய வேண்டியிருந்தது. மணிலாக் கப்பல் வரும் நாளில் கடிதம் காலை பத்துக்கு வரும், பதில் பிற்பகலுக்குள் தயாராக வேண்டும். மாலைவரை காத்திருக்க முடியாது. ஆகவே அலுவலகத் தபால்காரன் கோவிந்தசாமி. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். தபாலாபீசுக்குப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு ட்ராமில் ஏறி வந்து ஜன்னலுக்குக் கீழே நிற்பான். கதவுதான் பூட்டியிருக்கிறதே. அப்போது இறங்கியது கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு மூங்கில் கூடை.

"அம்மா! இன்னிக்குக் கட்டு பெரிசு. ரெண்டு மணிக்குள்ள வேணுமாம், துரை குதிக்கிறாரு!"

"மெதுவாய்ச் சொல்லு கோவிந்தசாமி. கீழை கேக்கும்."

"கேட்டா என்னம்மா, மாட்டுக்கா தெரியப்போவுது?"

அவனுக்குக் கூலி, ஊரிலிருக்கும் பெண்சாதிக்கு மாதம் ஒரு கடிதம். அவன் கீழே நின்று சொல்வான், இவள் மேலே எழுதுவாள். தெருவே கேட்க, 'நான் சௌக்கியம், நீ சௌக்கியமா, சினைப்பசு என்ன ஆச்சு' என்று கத்துவான். இவள் கொஞ்சம் நன்றாக்கி எழுதிக் கூடையில் இறக்குவாள். குழந்தை குணமணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பகலில் அந்த அறையிலிருந்து வெளியே போனது கடிதம் ஒன்றுதான்.

இனி அந்தக் கடைசி வரி.

ஸ்பானிய வணிகக் கடிதம் எப்படி முடியும் என்பதற்கு ஒரு முறை உண்டு. 'தங்கள் கையை முத்தமிடும் தங்கள் நம்பகமான ஊழியன்' என்று எழுதிக் கையொப்பம் இட வேண்டும். கோபக் கடிதமானாலும், சரக்கு அழுகிவிட்டது என்ற புகாரானாலும், கை முத்தத்தில்தான் முடியும். புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்த நாளில் இருவரும் சிரித்திருக்கிறார்கள்.

"ஆம்பிளைக்கு எழுதினால் கை. பொம்பிளைக்கு எழுதினால் கால்" என்றார் அவர். "பாதத்தை முத்தமிடுகிறன் எண்டு எழுத வேணுமாம்."

"ஆர், ஆம்பிளையோ?"

"ஓம். ஆம்பிளைதான்."

"நல்ல ஊர்தான்" என்றாள். அவள் யார் யார் காலைத் தொட்டுக் கும்பிட்டாள் என்ற பட்டியல் நீளமானது. தன் காலை எவரும் தொட்டதாக நினைவில்லை. பிள்ளைப்பேற்றில் மருத்துவச்சி பிடித்துக்கொண்டதைத் தவிர.

கணவர் தன் கையால் எழுதியவரை அந்த வரியையும் எழுதினார். ஆணுக்கு ஆண், வியாபாரம். மார்ச்சில் பேனா அவள் கைக்கு வந்தபோது, "முடிவிலை வழமையானதைப் போடும்" என்று அவர் சொல்லிவிட்டு எழுந்தார். இராசமலர் பேனாவை மையில் தோய்த்தாள். எதிரே உறையில் பெயர்: தோன் எவரிஸ்தோ, மணிலா. நார் வியாபாரி. முகம் தெரியாத ஆண்பிள்ளை. தன் கையால் எழுதுவது. இந்தக் கை எழுதினால் முத்தமிடுவது யார்?

எழுதவில்லை. 'தங்கள் நம்பகமான ஊழியன்' என்பதோடு நிறுத்தினாள். அவர் பார்க்கப் போவதில்லை. அடுத்த கடிதத்திலும் அப்படியே. எட்டு மாதம், எழுபதுக்கு மேற்பட்ட கடிதங்கள். ஒன்றிலும் கை முத்தம் இல்லை. கணக்கில் பிழையில்லை, விலையில் பிழையில்லை, ஒரு லோவும் தவறவில்லை. யாழ்ப்பாணத்து மருமகள் ஒருத்தி மட்டுமே விடக்கூடிய பிழை அது ஒன்றுதான்.

அந்த வருடம் அவளுக்கு ஒரு வாசல் தெரிந்தது.

சனிக்கிழமை மதியங்களில், அம்பிகைபாகன் வீட்டில் இருக்கும் நேரத்தில், மிஷன் பெண்கள் பள்ளியிலிருந்து மிஸ் ஹார்டி என்ற வெள்ளைக்காரி வருவாள். வீடு வீடாகப் போய் அடைந்து கிடக்கும் பெண்களுக்குத் தையலும் எழுத்தும் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. இராசமலருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்தவள், அவள் ஆங்கிலம் பேசியதைக் கேட்டு ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். ஆகஸ்டில் கேட்டாள். ஜனவரியில் சிறு பிள்ளைகளுக்குத் தமிழும் ஆங்கிலமும் சொல்லித்தர ஒருத்தி வேண்டும். காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை. குழந்தையையும் கூட்டி வரலாம். பள்ளி வண்டி வரும். நவம்பர் முடிவுக்குள் பதில் சொன்னால் போதும்.

அன்றிலிருந்து இராசமலருக்கு வேறு நினைப்பில்லை. எட்டிலிருந்து ஒன்று. ஐந்து மணி நேரம். வாரத்துக்கு இருபத்தைந்து. காய் நறுக்கும்போதும் எண்ணிக்கொண்டிருப்பாள்.

"கப்பல் நாளிலை கோவிந்தசாமி வந்து நிண்டால் கூடையை ஆர் இறக்கிறது?" என்றார் கணவர்.

"அந்த நாளிலை மட்டும் ஒண்டரைக்கு வரச் சொல்லுங்கோ. அரை மணியிலை எழுதித் தருவன்."

"துரை ரண்டுக்குக் கேக்கிறார்."

"மூண்டு எண்டு சொல்லிப் பாருங்கோவன்."

"கேட்டால் ஏன் எண்டு கேப்பார். ஏன் எண்டு கேட்டால்... கண் கொஞ்சம் சுகப்படட்டும். பாப்பம்."

கண் சுகப்படாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் இல்லை என்று சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு அவள் மூன்று மாதம் ஓட்டினாள். பழைய புடவை ஒன்றை வெட்டிக் குணமணிக்குப் பள்ளிக்குப் போட ஒரு சட்டை தைத்தாள்.

நவம்பர் பத்தொன்பது, வியாழக்கிழமை. கப்பல் நாள் இல்லை. பதினொரு மணிக்கு ஜன்னலுக்குக் கீழே கோவிந்தசாமியின் குரல். இராசமலர் கூடையை இறக்கப் போனாள்.

"கூடை வேணாம்மா. ஒண்ணும் கொண்டாரல." அவன் தலைப்பாகையைக் கையில் பிடித்திருந்தான். "ஐயா மாட்டிக்கிட்டாரும்மா."

"என்ன சொல்லுறாய்?"

"மணிலாக்காரன் துரைக்கே நேரா கடுதாசி போட்டுட்டான். இங்கிலீசுல. எட்டு மாசமா என் கைக்கு முத்தம் இல்ல, உங்க கம்பெனிக்கு என்மேல என்ன கோவம்னு கேட்டிருக்கான். மொதல்ல துரை விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம் நம்ம கடுதாசி நகல் கோப்ப எடுத்தாந்து ஐயா முன்னாடி நீட்டி, கடைசி வரியப் படின்னாரு. ஐயா படிச்சாரு."

"என்னெண்டு?"

"கைய முத்தமிடும், ஊழியன், அது இதுன்னு கணீர்னு படிச்சாரும்மா. பேப்பர்ல அது இல்லியாம்."

இராசமலர் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரு. இப்ப ரெண்டு பேரும் வண்டியில வர்றாங்க. நான் குறுக்கால ஓடியாந்தேன். நான் வந்தேன்னு சொல்லிறாதீங்க தாயி."

ஓடிப்போய்விட்டான். அவளால் இறங்க முடியாது, ஒளிய முடியாது, எதிர்கொண்டு போகவும் முடியாது. மேசையை ஒழுங்கு செய்தாள். குழந்தையின் முகத்தைத் துடைத்தாள். செய்ய வேறு எதுவும் இல்லாததால் நின்றாள்.

வண்டி நின்ற சத்தம். படியடிக் கதவில் திறப்பு தடவும் சத்தம். துவாரத்தைத் தேடித் தேடித் தவறுகிறது. இன்னொரு கை அதை வாங்குகிறது. பூட்டு திறந்த சத்தத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் எவரும் படி ஏறவில்லை.

"இந்தப் பூட்டு யாருக்காக?" என்று துரையின் குரல் ஆங்கிலத்தில் கேட்டது.

அம்பிகைபாகன் சொன்ன பதில் மேலே கேட்கவில்லை.

துரை உயரமான, சிவந்த மனிதர். பாக்ஸ்டர் என்று பெயர். உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றினார். அறையைச் சுற்றிப் பார்த்தார்: மேசை, இலக்கணப் புத்தகம், கயிறு, கூடை, அவள். கோட்டிலிருந்து தோன் எவரிஸ்தோவின் பழைய கடிதம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"பதில் எழுத முடியுமா, அம்மணி? இப்போது, என் முன்னால்."

இராசமலர் உட்கார்ந்தாள். வாசித்தாள். தொள்ளாயிரம் மூட்டை நார், டிசம்பர்க் கப்பல், ஈரப்பதம் பற்றி ஒரு கேள்வி. பதினைந்து நிமிடத்தில் எழுதி முடித்தாள். பேனா கடைசி வரியில் நின்றது. எட்டு மாதம் நின்ற அதே இடம்.

"ஏன் விட்டீர்கள்?" என்றார் பாக்ஸ்டர்.

"அந்த மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது" என்றாள் ஆங்கிலத்தில்.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அவருக்கும் உங்களைத் தெரியாது, அம்மணி. அது ஒரு மரியாதை. கதவைத் தட்டுவது போல. எழுதிவிடுங்கள்."

எழுதினாள். மை காய்ந்தது.

பாக்ஸ்டர் நின்றபடியே முடிவைச் சொன்னார். மோசடிதான், ஆனால் இவ்வளவு பிழையில்லாத ஸ்பானியக் கடிதம் தம் அலுவலகத்திலிருந்து இதுவரை போனதில்லை. ஆகவே இப்படியே நடக்கட்டும். அம்பிகைபாகன் பெயரில் வேலை, அவர் பெயரில் சம்பளம், அவருடைய கையொப்பம். பெண் ஒருத்தியை அலுவலகத்தில் உட்கார வைக்க முடியாது. அது பேச்சாகிவிடும். கடிதங்கள் இங்கே வரும், இங்கிருந்து போகும். கோவிந்தசாமி இனி ஒளிந்து ஓடி வர வேண்டாம்.

அம்பிகைபாகன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நன்றி, நன்றி என்று சொன்னார். எதிரே நின்றவரின் முகம் தெரியாமல் அவர் தோளுக்குச் சொன்னார்.

இராசமலர் பள்ளியைப் பற்றிச் சொன்னாள். எட்டிலிருந்து ஒரு மணி வரை. வாயிலிருந்து வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது.

பாக்ஸ்டர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "மணிலாத் தபால் பத்துக்கு வருகிறது. புது வருடத்திலிருந்து இன்னும் இரண்டு மணிலா வியாபாரிகள் வரப்போகிறார்கள். தந்தியும் வரும். எந்த மணிக்கு என்று எனக்கே தெரியாது. நீங்கள் இங்கே இருக்க வேண்டும், அம்மணி." தொப்பியை எடுத்தார். "வேறு ஏதாவது கேளுங்கள்."

அவள் கணவரைப் பார்க்கவில்லை.

"பூட்டு வேண்டாம்" என்றாள்.

துரை போகும்போது ஆமைப்பூட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

மிஸ் ஹார்டிக்கு இராசமலர் பதில் எழுதினாள். வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை, மன்னிக்கவும் என்று மூன்று வரி. அந்த இடத்துக்குக் காத்தோங்கிலிருந்து வேறொருத்தி போனாள். ஜனவரியில் பள்ளி வண்டி சிராங்கூன் சாலையில் போவதை ஜன்னலில் நின்று குணமணி பார்த்தாள். புதுச் சட்டை போட்டிருந்தாள். தைத்ததை வீணாக்க முடியாதே.

கதவு இப்போது திறந்தே கிடந்தது. முதல் வாரம் இராசமலர் படி இறங்கி வாசல் வரை போய் நின்றாள். பிண்ணாக்கு மூட்டை இறக்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாலை முனை வரை நடந்தாள். ட்ராம் மணி கேட்டது. கோவிந்தசாமி வந்து நிற்பானோ, தந்தி வந்திருக்குமோ என்ற நினைப்பில் திரும்பி வந்துவிட்டாள். தந்தி வரவில்லை. மறுநாள் வந்தது. மூன்றாம் நாளும் வந்தது. அதன் பிறகு அவள் முனை வரை போகவில்லை. பூட்டு இருந்தபோது பூட்டைத் திட்டலாம்.

கோவிந்தசாமி மட்டும் பழைய இடத்திலேயே நின்றான். கதவு திறந்திருக்கிறதே, மேலே வாயேன் என்றால், "வேணாம்மா, முட்டி வலி. கூடைய எறக்குங்க" என்பான்.

பிப்ரவரி முடிவில் ஒரு கப்பல் நாள். கூடையில் ஏழு கடிதங்கள் ஏறின. அம்பிகைபாகன் அன்று காய்ச்சலில் வீட்டில் இருந்தார். கட்டிலில் படுத்தபடி, "வாசியும்" என்றார். வாசித்தாள். நான்காவது தோன் எவரிஸ்தோவுடையது. பணம் நல்லபடி வந்து சேர்ந்தது. அதை எண்ணிப் பார்த்தோம். கணக்குச் சரி. அடுத்த ஆயிரம் மூட்டை நாரும் தயார். அவற்றை மார்ச் கப்பலில் ஏற்றுகிறோம். எல்லா லோவும் லோஸும் அதனதன் இடத்தில் இருந்தன.

கடைசி வரிக்கு வந்தாள்.

பாக்ஸ்டர் மணிலாவுக்கு என்ன எழுதினாரோ தெரியாது. சமாதானம் சொல்லியிருப்பார், வேடிக்கையாகச் சொல்லியிருப்பார். தோன் எவரிஸ்தோ வழக்கமான முதலெழுத்துச் சுருக்கம் எதுவும் போடாமல், வளைத்து வளைத்து முழுச் சொற்களாக எழுதியிருந்தார். தங்கள் பாதங்களை முத்தமிடும் தங்கள் நம்பகமான ஊழியன்.

இராசமலர் அதை வாய் திறக்காமல் இரண்டு தடவை வாசித்தாள். கால்களை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். பலகைத் தரையின் தூசி ஒட்டிய கால், மெட்டி தேய்ந்த விரல். கீழே மாடு ஒன்று கத்தியது.

"இஞ்சரும்" என்றார் கணவர். "ஏன் நிண்டிட்டீர்? முடிவிலை என்ன?"

அவள் கடிதத்தை மடித்தாள். எழுந்து போய் அதைப் புளியங்கொட்டைத் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். கொட்டைகள் ஒருமுறை சரிந்து அடங்கின.

"வழமையானதுதான்" என்றாள். ஐந்தாவது கடிதத்தை எடுத்தாள்.